பதினொரு ஜோடி பூட்ஸ்

1908 ஜனவரி 13, திங்கள்

பள்ளி திறந்தது. அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு ஒரு தாள். இந்தப் பருவத்திலிருந்து உதைபந்து அணியின் பொறுப்பு திரு. ஹார்லியுடையது. அதன் கீழே, எறும்பு அளவு எழுத்தில்: உதவிச் செயலாளர், மருதப்பன்.

ஏழு வருஷம். பந்தயத் திடலில் மாட்டுச் சாணத்தை ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். சீனன், மலாய்க்காரன், தமிழன் என்று மூலைக்கு ஒருவனாகச் சிதறி நின்ற பையன்களை ஒரே அணியாக ஓடவைத்தவன் நான். ஹார்லி போன நவம்பரில் கப்பலிலிருந்து இறங்கியவர். வயது இருபத்தாறு. என் மீசை அவரைவிட மூத்தது.

நடைவழியில் சென்ற வருஷத்துக் கோப்பைப் படம் தொங்குகிறது. அன்று படம் எடுத்தபோது பையன்களுடைய கோட்டுகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. தினமும் நாலு தடவை அதைத் தாண்டிப் போகிறேன்.

ஜனவரி 15, புதன்

முதல் பயிற்சி. ஹார்லி விசில் ஊதினார், பையன்கள் ஓடினார்கள். நான் எலுமிச்சம்பழம் நறுக்கினேன்.

சேதுபதி வந்திருந்தான். என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது கப்பல் கம்பெனியில் தலைமை கிளார்க். ஹார்லி துரை பக்கத்தில் நின்று அவர் சிரிக்கும்போதெல்லாம் இவனும் சிரித்தான். பிறகு நெய்னா முகம்மதுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது: "எங்க மேனேஜர் துரைக்குப் பந்துன்னா உசிரு. ஏப்ரல்ல பட்டாளத்தோட மொத ஆட்டம் பாக்க வர்றாரு. ஆபீஸ்ல ஒரு கிளார்க் இடம் காலி. நீ நல்லா ஆடுனா போதும்டா, மத்தத நான் பாத்துக்கிறேன்."

நெய்னாவுக்குப் பத்தொன்பது வயது. இடது ஓரத்து ஆட்டக்காரன். அவன் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வருவதை நானும் மறுக்கமாட்டேன். தகப்பனாருக்கு எருமைக் கொட்டகைப் பக்கம் தொப்பிக் கடை. இந்த வேலை கிடைக்காவிட்டால் இவனும் அங்கேயே உட்கார வேண்டியதுதான். அது அவனுக்குப் பிடிக்காது. "கடையில உக்கார்றதுக்குக் கடல்ல விழுந்துரலாம் சார்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் பரிசளிப்பு மேடையில் இதே நெய்னா பன்னிரண்டு பேருக்கு நன்றி சொன்னான். பந்துக்குக் காற்று அடித்தவன் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை. நான் எண்ணிக்கொண்டு இருந்தேன்.

ஜனவரி 18, சனி

தைப்பூசம். மனைவி ரத்தினம்மா கோயிலுக்குப் போயே ஆகவேண்டும் என்றாள். சிராங்கூன் சாலை முழுக்கக் கால்கள். தார் காய்ச்சிய சூட்டில் ஊரே வெறுங்காலோடு நடக்கிறது. கொட்டகை எருமைகளின் மூத்திர நாற்றம், அன்னாசி ஆலையின் புளித்த நாற்றம், அதற்கு மேல் சந்தனம். சந்தனத்தால் எதையும் மறைக்க முடியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஹார்லி அறிவித்துவிட்டார்: இனி யாரும் வெறுங்காலோடு ஆடக்கூடாது. பதினொரு ஜோடி பூட்ஸ் கல்கத்தாவிலிருந்து வருகிறது. பட்டாளத்துக்காரர்களின் ஆணி அடித்த பூட்ஸ் போன வருஷம் இரண்டு பையன்களின் நகத்தைப் பெயர்த்துவிட்டதாம். அது இன்னொரு முறை நடக்க விட அவர் தயாரில்லையாம்.

சொன்னது நியாயம். அதுதான் எரிச்சல். ஏழு வருஷத்தில் எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியது. கேட்டேன். அப்போது யாரும் காது கொடுக்கவில்லை. அவர் சொன்ன அன்றே ஆர்டர் படிவம் மேஜைக்கு வந்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

கால் அளக்கும் உத்தியோகம் எனக்கு. எம்.ஏ.வுக்குப் பாதி தூரம் படித்தவன், நாடாவோடு முட்டி போட்டு உட்கார்ந்து, வியர்த்து நாறும் பாதங்களை மடியில் வைத்து அளந்தேன். மருதப்பா, நீ எங்கேயோ போய்விட்டாய்.

படிவத்தில் பெயர், நீளம் என்று இரண்டே கட்டங்கள். அடியில் 'குறிப்புகள்' என்று இரண்டு வெற்றுக் கோடுகள்.

நெய்னாவின் கால் முன்பக்கம் விரிந்து கிடந்தது. "இது காலா, முறமாடா?" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இவன் மட்டுமில்லை, சீனப் பையன்கள் இருவரைத் தவிர எல்லோருக்கும் அப்படித்தான். வெறுங்காலோடு வளர்ந்த கால் நீளத்தில் அடங்காது. நாகப்பட்டினத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள் சீமை பூட்ஸ் வாங்கினேன், நீளம் அச்சாகப் பொருந்தியது. மூன்று மாதம் நொண்டினேன். இது ஹார்லிக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

நீளங்களை மட்டும் எழுதினேன். கேட்டது அவ்வளவுதானே? அந்த இரண்டு கோடுகளை வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பினேன். துரை படித்துப் பார்க்கவில்லை. "மிக நேர்த்தி, மருதப்பன்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

பெட்டி வந்தது. புதுத்தோல் வாசனை வகுப்பு முழுக்க. பையன்கள் பொம்மை கிடைத்த குழந்தைகள் மாதிரி. நெய்னா ஒரு பூட்ஸை எடுத்து முகர்ந்தே பார்த்தான்.

மார்ச் 16, திங்கள்

திடலில் நடக்கிறார்கள், அல்லது நடக்க முயல்கிறார்கள். முன்பு வேலி மேல் உட்கார்ந்திருக்கும் மலாய்ப் பையன்கள் எங்கள் வெறுங்காலைப் பார்த்து "காக்கி ஆயாம்" என்று கத்துவார்கள் — கோழிக்கால். இன்று பூட்ஸ் போட்டு அடி வைப்பதைப் பார்த்து, "காக்கி ஈத்திக் லா!" வாத்துக்கால். கோழியாக இருந்தவர்களை வாத்தாக்கிவிட்டார் துரை. வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி கூடையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 20, வெள்ளி

ஹார்லி கேட்டார்: "பூட்ஸ் இறுக்கமாக இருக்குமோ?" புதுத்தோல், பழகினால் சரியாகிவிடும் என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

மார்ச் 27, வெள்ளி

டோபிக்குப் போடக் காலுறைகளை எண்ணினேன். பதினொரு ஜோடி, சரி. நெய்னாவின் இடது காலுறை சுண்டுவிரல் பக்கம் விறைத்துக் காய்ந்திருந்தது. ரத்தம் மட்டுமில்லை, மஞ்சளாகவும் இருந்தது. நாற்றம். விரல் நுனியால் பிடித்து மூட்டையில் போட்டேன்.

அவனைக் கூப்பிட்டுக் காட்டு என்று சொல்லியிருக்கலாம். அவன் யாரிடமும் சொல்லவில்லை, முதல் ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம். அவனே மறைப்பதை நான் எதற்கு — என்று எழுத ஆரம்பித்தேன். பேனாவை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நெய்னா இரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் இடது காலின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சீழ் மேலே ஏறப் பார்த்ததாம். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சேதுபதி சொன்னான். சொல்லிவிட்டு, "சரி சார், இப்ப லெஃப்ட்ல யார எறக்கப் போறோம்?" என்று கேட்டான்.

அந்த முகத்தில் துப்பத் தோன்றியது. பிறகு நான் யார் துப்ப என்றும் தோன்றியது.

ஏப்ரல் 11, சனி

பட்டாளத்திடம் தோற்றோம், ஐந்துக்குப் பூஜ்யம். பையன்களில் நாலு பேர் இடைவேளையில் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார்கள். மேனேஜர் துரை அதற்கு முன்பே வண்டி ஏறிப் போய்விட்டார். கிளார்க் வேலை சேதுபதியின் மைத்துனனுக்காம். அவன் பந்தைக் கையால் தொட்டதில்லை, காலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

கமிட்டி கூடியது. தலைமையாசிரியர், ஹார்லி, பழைய மாணவர்கள் சார்பில் சேதுபதி, நான். பழைய மாணவர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றார் தலைமையாசிரியர். சேதுபதி ஹார்லியின் பக்கமே திரும்பவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹார்லி எழுந்து நின்றார். "பூட்ஸ் என் யோசனை. தவறும் என்னுடையது. மருதப்பன் நான் கேட்ட அளவைத்தான் எடுத்துக் கொடுத்தார்."

எவ்வளவு எளிது அவருக்கு. இதற்குக்கூட என்னிடம் ஒரு வெறுப்பு இருக்கிறது: நல்லவனாக இருக்கும் வசதிகூட அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. கமிட்டிக் குறிப்பேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

முடிவு: அணி மறுபடியும் என் பொறுப்பில். "இந்த வருஷப் படத்தில் நீங்கள்தான் நடுவில் உட்கார வேண்டும்" என்று தலைமையாசிரியர் என் தோளைத் தட்டினார்.

ஏப்ரல் 15, புதன்

கேட்டது கிடைத்துவிட்டது. நடைவழிப் படத்தைத் தாண்டாமல் பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போனேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தொப்பிக் கடைக்கு மேல்மாடியில் அவர்கள் வீடு. அவன் தாயார் ருக்கையா கதவைத் திறந்தார். "வாங்க வாத்தியாரே. ஸ்கூல்லேருந்து நீங்க ஒருத்தராவது வந்தீங்களே" என்றார். அந்த 'ஒருத்தராவது' மாடிப்படியிலிருந்து இதை எழுதும்வரை கூடவே வருகிறது.

நெய்னா பாயில் உட்கார்ந்திருந்தான். கட்டு தலையணை அளவுக்கு இருந்தது. அவன் அழவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. மைத்துனனுக்கு வேலை கிடைத்த கதையைச் சொல்லி, "அவனுக்கு அஞ்சும் அஞ்சும் பத்து வெரலும் இருக்கு சார், அதான் துரைக்குப் புடிச்சிப் போச்சு" என்று சிரித்தான். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று பாயின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அவனே கேட்டான்:

"சார், அன்னிக்கு அளக்கும்போது, இது காலா முறமான்னு கேட்டீங்கள்ல?"

ஆமாம் என்றேன்.

"நம்ம காலு அகலம்னு சார் பாத்துட்டாரு, எழுதிருப்பாருன்னு நெனச்சேன். அதான் பூட்ஸ் கடிச்சப்பகூட, சார் பாத்து எழுதுன அளவு, தப்பாப் போகாது, தோலு புதுசு, விட்டுக் குடுக்கும்னு போட்டுக்கிட்டே இருந்தேன். கல்கத்தாக்காரந்தான் ஏமாத்திட்டான் போல."

ருக்கையா தேநீர் கொண்டுவந்தார். நான் குடித்தேன். முழுக் கோப்பையையும் குடித்தேன். வெளியே வந்த பிறகுதான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

டேய் மருதப்பா. அவன் உன்னை நம்பிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான்டா.

ஏப்ரல் 22, புதன்

தலைமையாசிரியருக்குக் கடிதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் எங்கோ ஒரு மூலையில் ஹார்லியின் பங்கு ஒட்டிக்கொண்டு வந்தது. நாலாவதில் இவ்வளவுதான்: நீளம் போதாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே குறிப்பு எழுதவில்லை. காலுறையில் சீழைப் பார்த்தேன். பார்த்தும் சொல்லவில்லை. திரு. ஹார்லிக்கு இவை எதுவும் தெரியாது.

ஒரு நகலை நெய்னாவின் வீட்டில் கொடுத்தேன். இந்தத் தடவை ருக்கையா உள்ளே கூப்பிடவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

வேலை போகவில்லை. அணி போயிற்று, செயலாளர் பெயரும் போயிற்று. ஹார்லிக்கே மறுபடியும். நடைவழியில் எதிரே வந்தவர், "படித்தேன்" என்றார். கைகுலுக்கவில்லை. நல்லதாயிற்று, குலுக்கியிருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

சேதுபதி இப்போது மறுபடியும் துரை சிரிக்கும்போது சிரிக்கிறான்.

ஜூன் 3, புதன்

படம் எடுத்தார்கள். கோட்டுகளை வாங்கிக்கொண்டு, சட்டகத்துக்கு நன்றாக வெளியே நின்றேன். இந்த முறை முழங்கைகூட விழுந்திருக்காது.

1909 ஜனவரி 19, செவ்வாய்

புதுப் பருவத்துக்குப் புது பூட்ஸ். அளவெடுப்பதை மட்டும் என்னிடம் விடும்படி ஹார்லியிடம் போன வாரம் கேட்டேன். அவர் படிவத்தை நீட்டினார். அவர் மேல் எனக்கு இன்னும் பிரியம் வரவில்லை. விசில் சத்தம் கேட்டால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒவ்வொருவனையும் தாள்மேல் நிற்கவைத்து, முழு எடையையும் ஊன்றச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். முட்டி வலித்தது. நாற்றம் அதேதான்.

பழைய மாணவர்களில் இருவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இந்த வருஷம் விதி. கடைசியில் நெய்னா வந்தான். கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். தொப்பி நூல்கள் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தன. கடிதத்துக்குப் பிறகு என்னோடு பேசாதவன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தாள்மேல் ஏறி நின்றான். நான் வரைய ஆரம்பித்ததும் தலைக்கு மேலே அவன் குரல்:

"கடையில நாங்க தலையச் சுத்தித்தான் சார் நாடா வைப்போம். நீளத்த மட்டும் அளந்தா ஒருத்தன் தலையிலயும் தொப்பி நிக்காது."

பென்சில் இடது காலின் ஓரத்துக்கு வந்திருந்தது. அங்கே கோடு சட்டென்று உள்ளே வளைந்தது. வளைந்தபடியே வரைந்தேன்.

"எழுதுவீங்கள்ல?" என்றான்.

'குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினேன்: வெறுங்காலில் வளர்ந்த பாதங்கள், முன்புறம் அகலம், வரைபடத்தின்படியே தைக்க வேண்டும், நீளத்தை நம்பக்கூடாது. நெய்னா முகம்மது, இடது கால்: நாலு விரல். இரண்டு கோடுகள் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.