சாப்பாட்டு டோக்கனுக்கு முன்னால் நீ எழுதிய வரி

பாசமுள்ள என் மச்சான் ஏழுமலைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ இருந்திருந்தால், "என்னா மச்சான், காலையிலயே மூஞ்சிய இப்புடி வெச்சிருக்க, தங்கச்சி காப்பி குடுக்கலியா?" என்று கேட்டிருப்பாய். உன் தங்கச்சி கொடுத்துவிட்டாள். உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

உன் சாவைப் பற்றிக் கம்பெனி நடத்திய விசாரணையின் முடிவு வந்துவிட்டது. வாயு கசிந்தபோது வால்வை மூட ஓடியவன் நீ. ஆனால், முறையாகப் பயிற்சி பெற்றிருந்தும் தாடியோடு மாஸ்க் மாட்டியதால் அது முகத்தில் பொருந்தவில்லை, ஆகவே தொழிலாளியின் அலட்சியமே காரணம் என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் பயிற்சி அலுவலரின் அறிக்கையாம். அந்த அலுவலர் வேறு யார், உன் தங்கையைக் கட்டிய நான்தான்.

மலைக்குப் போக மாலை போட்டிருந்தாய், அதனால் தாடி. அந்த மாதம் உன் ஷிப்டில் பாதிப் பேர் தாடியோடுதான் திரிந்தீர்கள். மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் விஷக்காற்று உள்ளே போய்விடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் ஓட்டிய ஆங்கில வரிகளில் அதுவும் ஒன்றாக இருந்தது. எல்லாரும் தலையாட்டினீர்கள். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த நானும் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை. மதியம் ஆளுக்கு ஒரு மாஸ்க் கொடுத்து மாட்டச் சொல்லும்போது தானாகத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மாஸ்க்கில் காற்று வரும் துளையை உள்ளங்கையால் அடைத்து ஒரு மூச்சு இழுத்தால் போதும். முகத்தோடு ஒட்டவில்லை என்றால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

மதியம் வகுப்பே நடக்கவில்லையே, மச்சான்.

எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் சாப்பாட்டு டோக்கன். சாயங்காலம் கேட்டால் ஷிப்ட் பஸ், ரயில் என்று பிடிக்க ஓடிவிடுகிறார்கள், படிவமே தேறுவதில்லை என்று மேலே இருந்து திட்டு வந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் அது. பிரியாணி வாசனை வந்ததும், இன்னும் நடக்காத மாஸ்க் வகுப்புக்கும் சேர்த்து எல்லாரும் 'மிக நன்று' என்று டிக் போட்டீர்கள். மாலை போட்டவர்கள் தனியாக சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தீர்கள். பயிற்சியாளர் கையைத் துடைத்தபடியே, "ரயிலுக்கு டைம் ஆயிடுச்சி சார், மத்தத நீங்க பாத்துக்கங்க" என்றார். ஆட்டோ பிடித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று மாலையே 'பயிற்சி முழு வெற்றி' என்று அறிக்கை தட்டினேன். சீ.

பெரியவர்களுக்கு எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். கையால் செய்ய விடு, அவர்கள் கேட்பதற்கு முதலில் பதில் சொல், சில மாதம் கழித்து வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் செய்து காட்டச் சொல்லிப் பார் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தச் சான்றிதழ் நம் சிதம்பரம் வீட்டு ஹாலில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. நேற்று கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குமராட்சியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். பூங்கொடி மோர் கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள். "அண்ணே, அலட்சியம்னு எழுதியிருக்காங்களாமே. ஊட்ட விட்டு போறப்ப கேஸ் மூடியிருக்கான்னு மூணு வாட்டி பாத்துட்டுப் போறவரு அவுரு. நீங்க கூடவே இருந்தவரு, நீங்க சொல்லுங்க." உன் பெண்டாட்டி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்லாமல் மினிபஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது படிவம்கூட இல்லை. செல்போனில் அழுகிற பொம்மை, சும்மா இருக்கிற பொம்மை, சிரிக்கிற பொம்மை. சிரிக்கிறதை அமுக்கினால் டோக்கன் நம்பர் வரும். போன வாரம் பெண்ணாடத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம் வந்து, "சார், மாஸ்க்கு மதியந்தானே காட்றேன்னீங்க. இப்பவே சிரிச்சிடணுமா?" என்று கேட்டார். உன் வயதுதான் இருக்கும். அவர் கிண்டல் பண்ணவில்லை, நிஜமாகத்தான் கேட்டார். நேராகப் போய் இரும்பு பீரோவைத் திறந்து, உங்கள் வகுப்பின் பழைய படிவக் கட்டை எடுத்தேன்.

உன் படிவத்திலும் எல்லாக் கட்டத்திலும் டிக். கடைசியில் 'வேறு கருத்து' என்ற இடத்தில், கோணல் மாணலான உன் எழுத்தில் ஒரு வரி: "மதியம் மாஸ்க் மாட்டும்போது கேக்கணும். தாடி இருந்தா பரவாயில்லையா?"

சந்தேகம் இருந்தால் படிவத்தில் எழுதுங்கள், பதில் வரும் என்று மைக்கில் சொன்னவன் நான். நீ நம்பி எழுதியிருக்கிறாய். நான் அதைப் படிக்கவே இல்லை. அறிக்கையில் 'வேறு கருத்து: ஏதுமில்லை' என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே வரியில் அடித்திருக்கிறேன். அன்று சாயங்காலம் ரயிலில் பக்கத்தில்தானே உட்கார்ந்து வந்தாய், என்னிடம் ஏன் கேட்கவில்லை? எழுதிக் கொடுத்தாயிற்று, மச்சான் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டாயா?

மேனேஜரிடம் படிவத்தைக் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு, "போனவரு போயிட்டாரு. இருக்கற உங்க வேலையப் பாருங்க சேகர்" என்றார். கரிசனமாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் அருவருப்பு. வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போகலாம் என்பதையும். "எங்கண்ணன அலட்சியம்னு சொல்லி வர சோறு எனக்கு வேணாங்க" என்றாள்.

திங்கட்கிழமை கடலூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. பூங்கொடியும் வருகிறாள். உன் படிவத்தை எடுத்து வைத்துவிட்டேன். மதியம் வகுப்பு நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டு எழுதியும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் எனக்கு வேலை மிஞ்சினால், மாஸ்க்கை மாட்டி மூச்சு இழுத்துக் காட்டாத ஒருவரையும் பயிற்சி பெற்றவர் என்று எழுத மாட்டேன். இது சத்தியம்.

உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறேன். தாடியோட மாட்டக்கூடாது மச்சான். நீ கேட்ட. நாந்தான் சொல்லல.

இப்படிக்கு,
உன் தங்கச்சி புருஷன், பதில் சொல்லப் பிந்திய உன் மச்சான்
சேகர்