மீதி அஞ்சு பேர்

மார்கழி, வியாழன் இரவு.

தூக்கம் பிடிக்கவில்லை. நோயாளிகளின் வீட்டாரிடம் டாக்டர்கள் ஆபத்தை எண்களில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பன்னிரண்டு வருடமாக ஆராய்கிறேன். 'நூற்றுக்கு ஐந்து பேர் இறக்கிறார்கள்' என்பதைவிட 'தொண்ணூற்றைந்து பேர் பிழைக்கிறார்கள்' என்றால் மனம் தேறும் என்று வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்று மாலை ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில், டாக்டர் வீட்டாரிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்ய உட்கார்ந்திருந்தேன். ஜவளகிரியிலிருந்து வந்திருந்த மஞ்சுளா என்ற பெண்ணின் கணவருக்கு நாளை இதய ஆபரேஷன். "நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் நல்லாயிடறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

மஞ்சுளா என் பக்கம் திரும்பினாள். "மேடம், மீதி அஞ்சு பேரு வீட்லயும் இதையேதான சொல்லியிருப்பாங்க?"

"ஆமா மஞ்சுளா, இதையேதான் சொல்லியிருப்பாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது.

அவள் அழவில்லை. "அப்ப அவருகிட்ட பேச வேண்டியத இன்னிக்கே பேசிடறேன்" என்று எழுந்து வார்டுக்குள் போனாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் மெல்லச் சிரித்தார். நான் ரெக்கார்டரை அணைத்துவிட்டேன்.

ராயக்கோட்டைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலெல்லாம் பனி. அரைத் தூக்கத்தில் ரோடே மிதப்பதுபோல் இருந்தது. உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் பனிக்குள் சிலர் நின்றிருந்தார்கள். முகம் தெரியவில்லை. அந்த மீதி அஞ்சு பேரின் வீட்டார் இன்னும் எதிர்பார்த்து நிற்பதுபோல் இருந்தது.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் மஞ்சுளாவோடு சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன். கண் செருகுகிறது.