காற்றுப் படாத துறை

உலகின் மறுகரையில் வாழும் என் மகளே மிர்சினி! அவள் கைப்பிடித்த லாம்ப்ரோஸே! படகில் குடியிருக்கப் போகிறேன் என்று பள்ளித் தோழியர் அனைவரிடமும் சொல்லித் திரியும் என் ஆறு அகவைப் பெயர்த்தி ஃபோதினியே! மூவரும் கேளுங்கள். உங்களுக்கு ஒரு தீங்கு இழைக்கப்பட்டிருக்கிறது. இழைத்தவன் உன் தந்தை.

நானும் உன் அம்மா கிரிசாந்தியும் உடலால் நலம். உள்ளத்தாலும் நலம் என்று எழுதினால் இது இரண்டாவது பொய்யாகிவிடும். மெல்போர்னில் குளிர் விலகியிருக்கும் என்றும், ஃபோதினியின் இருமல் நின்றிருக்கும் என்றும் நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் நீங்கள் வருகிறீர்கள் என்று அத்திப்பழத்தைப் பாகில் இட்டுப் பதினொரு புட்டிகள் நிரப்பி வைத்திருக்கிறாள், படகின் சன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்திருக்கிறாள், அளவு தெரியாமல் தைத்ததால் அவை நம் வீட்டுக் கதவுக்கே போதும் போலிருக்கிறது. இவற்றையெல்லாம் பார்க்கப் பார்க்க என் நெஞ்சு சுடுகிறது. மூன்று முறை தொலைபேசியை எடுத்தேன், மூன்று முறையும் உன் குரலைக் கேட்டதும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். ஆகவே எழுதுகிறேன். அஞ்சலில் அனுப்ப நாளில்லை, துறையில் வேலை செய்யும் யாக்கூமிஸ் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவான்.

வேனிற்காலத்தில் நீ மூன்று படகுத்துறைகளின் பெயர்களை எழுதி என்னிடம் கேட்டாய்: மேற்கே பிரேவெசா, ஏதென்சுக்கு அருகே ஒன்று, நம் தீவில் ஒன்று. இத்தாலியின் தென்கரையில் வாங்கிய பாய்ப்படகை எங்கே கொண்டுவந்து கட்டுவது, எங்கே குளிர்காலம் முழுதும் குழந்தையோடு அதன் உள்ளேயே வாழலாம், அப்பா, நீங்கள்தான் கடலை அறிந்தவர், நம் துறை காற்றுக்குப் பாதுகாப்பானதா என்று கேட்டாய். நான் ஒரே வரியில் விடை எழுதினேன்: "நம் துறையில் காற்றே படாது." அந்த வரியை நம்பி ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாய்.

மகளே, நீ ஒன்பது அகவையில் இத்தீவை விட்டு உன் அத்தையோடு கப்பலேறியவள். இங்கே வெறுமனே காற்று என்று சொன்னால் அது வடக்கிலிருந்து வருவது, கோடை முழுதும் அடிப்பது, அது ஒன்றுதான். தெற்கிலிருந்து வருவதை எங்களில் எவரும் காற்று என்று அழைப்பதில்லை. ஓஸ்த்ரியா என்று பெயர் சொல்லித்தான் அழைப்போம், பெரும்பாலும் ஒரு வசைச்சொல்லையும் சேர்த்து. நம் துறை வடக்கே மலையை முதுகாகக் கொண்டது, ஆகவே இத்தீவார் காதுக்கு நான் எழுதியது முழு உண்மை. உன் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை எழுதும்போதே அறிந்திருந்தேன். பேனாவை ஒரு நொடி நிறுத்தினேன், ஓஸ்த்ரியா என்ற சொல் நுனிவரை வந்தது, எழுதாமல் உறையை ஒட்டினேன். அந்த ஒரு நொடிக்குத்தான் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன்.

அத்துறைவாய் தெற்கு நோக்கித் திறந்து கிடப்பதற்கும் நானே காரணம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரமன்றக் கூட்டத்தில் பொறியாளர் எழுந்து, தெற்கே இன்னொரு தடுப்புச் சுவர் எழுப்பாமல் துறையைத் திறக்கக் கூடாது என்றார். அன்று மன்றத் தலைவனாக இருந்த நான் நாற்காலிமேல் ஏறினேன். பாதிச் சுவர் இன்று, மீதிச் சுவர் நாளை, பசித்த ஊர் காத்திருக்காது என்று முழங்கினேன். மன்றம் அதிரக் கைதட்டியது. பொறியாளர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். மீதிச் சுவர் இன்றுவரை எழவில்லை, ஊரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்ற செவ்வாயன்று, வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்பாகவே, ஓஸ்த்ரியா வந்தது. காலை பத்து மணிக்குக் கடல் எண்ணெய் போலக் கிடந்தது, நண்பகலில் அலைகள் துறைவாய் வழியே உள்ளே புகுந்து படகுகளைத் தூக்கித் தூக்கி அவை கட்டப்பட்டிருந்த மேடையில் அறைந்தன. டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் இளம்பெண் அறுந்த கயிற்றை மாற்றிக் கட்டக் குதித்தாள், படகுக்கும் மேடைக்கும் நடுவே அவள் கணுக்கால் நசுங்கியது. யாக்கூமிஸ்தான் அவளைத் தூக்கிவந்தான். வானூர்தியில் ஏதென்சு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், கால் பிழைக்கும் என்கிறார்கள், முன்போல நடப்பாளா என்று சொல்ல மறுக்கிறார்கள்.

யாக்கூமிஸ் நனைந்த சட்டையோடு என் எதிரே வந்து நின்றான். "ஏன் தலைவரே, அந்த பன்னெண்டாம் நம்பர் இடம் உங்க மகளுக்குத்தான? படகு மட்டும் நிக்குமா, இல்ல புள்ளயும் உள்ளயே தூங்குமா?" என்றான். பிள்ளையும்தான் என்றேன். "ஓஸ்த்ரியா பத்தி எழுதிட்டீங்கள்ல?" என்றான். காற்றுப் படாது என்று எழுதினேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அடேங்கப்பா! பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. மேடையில படிச்ச பாடம் சொந்தப் புள்ளைகிட்டயே வேலை செஞ்சிருக்கே!" என்று சொல்லிவிட்டுக் கயிறுகளை இழுக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடியில் போட்டாள். "நாப்பது வருசமா நீ பேசினா ஊரே கைதட்டுது. நான் ஒருத்திதான் தட்டினதில்ல. ஏன்னு இப்ப புரியுதாய்யா?" என்றாள். மகள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன் என்றேன். "எனக்கு மட்டும் ஆசையில்லையா? அதுக்காக பேத்திய அலைக்கு நடுவுல கட்டி வைப்பியா? எழுது. பேனாவ எடு. அலங்காரம் எதுவும் வேணாம்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அதை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன், இனி எதையும் மறைப்பதில்லை.

அவள் சொன்னதே என் உண்மை. இருபத்தெட்டு ஆண்டுகளாக உன்னை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆகஸ்டு விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே, பார்த்துப் பார்த்து அனுப்பியவன் நான். காலையில் நடந்துபோய், படகின் பக்கத்தைத் தட்டி, ஃபோதினி எழுந்துவிட்டாளா என்று கேட்க வேண்டும் என்ற ஒரே விழைவு என் கண்ணை மறைத்தது. நீங்கள் வருவதைக் காப்பிக் கடையில் எல்லாரிடமும் சொல்லியும் விட்டேன். அது விழைவாக இருக்கலாம், முறையாகாது. உன் கேள்விக்கு நேர்மையான விடை இதுதான். பிரேவெசா உள்வளைகுடாவின் வாயில் இருக்கிறது, தெற்குப் பேரலை அங்கே நுழையாது. எதிர்க்கரையில் படகைத் தூக்கி நிலத்தில் நிறுத்தும் களங்கள் இருக்கின்றன, கடுங்குளிரின் இரு மாதங்கள் படகை அங்கே ஏற்றிவிட்டு ஊருக்குள் வாடகை வீட்டில் இருங்கள். கொசு உண்டு, கடந்துபோகும் படகுகள் எழுப்பும் அலையாட்டமும் உண்டு. இத்தாலியிலிருந்து உங்களுக்கு அதுவே குறுகிய வழி. எங்களுக்குத்தான் நெடுந்தொலைவு, கப்பலில் ஏதென்சின் துறைமுகமான பிரேயஸ் வரை, பிறகு பேருந்தில் ஐந்தாறு மணி நேரம், அம்மாவின் முழங்காலோடு. மாதந்தோறும் வர இயலாது. குளிர்காலத்தில் இருமுறை வருவோம், கிறித்துமசுக்கு ஒருமுறை உறுதியாக வருவோம்.

லாம்ப்ரோஸே, கடலில் நீ தலைவன், ஆனால் தெற்கு வானம் மஞ்சளாக மங்கினால் கிளம்பாதே. மிர்சினி, குழந்தைக்கு மேல்தளத்தில் எப்போதும் மிதவைச் சட்டை அணிவி. என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை, அதை நீ பொறுத்திருந்து முடிவு செய். எங்கள் இருவரின் வாழ்த்தும் உங்கள் மூவருக்கும் கலம் செல்லும் வழியெல்லாம் துணையாகட்டும், நம் ஊர்க் கன்னிமரியாள் உங்களைக் காக்கட்டும்.

இம்மாதம் இருபத்தாறாம் நாள் லாம்ப்ரோஸ் இத்தாலிக்கு வானூர்தி ஏறுகிறான். அதற்கு முன் வேலையை முடி. இந்தப் படத்தை மூடியதும் நம் துறை அலுவலகத்துக்கு எழுதி ஒப்பந்தத்தை முறி, காரணம் கேட்டால் என் பெயரைச் சொல். பிரேவெசாவை அழைத்து இடம் பிடி. நாளைக்கு என்று தள்ளாதே, உன் அம்மா வருந்துவாள் என்று தயங்காதே, என் முகத்தைப் பார்க்காதே. இன்றே கையெழுத்திடு, மகளே. இப்போதே!

உன் குற்றமுள்ள தந்தை,
திரசீவுலோஸ்