தண்ணீர் கொண்டுவரச் சொன்ன அத்தை

செப்டம்பர் 14, சனி

காலை பத்து மணிக்கு என் அண்ணன் மகள் சுண்டுவின் எழுத்தாளர் மறுபடியும் கணினித் திரையில் வந்தார். நான்கு நாவல் எழுதியவராம். கல்லூரி விண்ணப்பக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எழுத்தாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்திருக்கிறது. ஒரு மணி நேரம் இருந்தார், ஒரு வரி எழுதித் தரவில்லை. வெறும் கேள்வி. "அப்ப நீ எங்க நின்னுட்டிருந்த? கையில என்ன இருந்துச்சு?" காவல் நிலையம் தோற்றது.

"எழுத்தாளர்னா எழுத வேண்டாமாடி?" என்று கேட்டேன்.

"அவங்க எழுதினா அது அவங்க கட்டுரை, அத்தை. ‘இது முழுக்க இந்தப் பொண்ணு எழுதினது’ன்னு கடைசில அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் ஸ்கூல்ல அனுப்புவாங்க."

கையெழுத்துப் போட ஒரு நாவலாசிரியர்! நான் யாரிடமும் போய் எழுதக் கற்றவளில்லை. சலவை இயந்திரத்தின் கையேட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றவள். நான் சலவை வேலை பார்க்கும் மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் இன்றும் பிழை திருத்துவது நான்தான். யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

செப்டம்பர் 19, வியாழன்

சலவைப் பிரிவுக்குப் புது மேற்பார்வையாளர். இருபத்தாறு வயது, பட்டதாரி. எனக்கு மேல் வந்து உட்காரும் மூன்றாவது பட்டதாரி இவள். "அக்கா, அறுவை சிகிச்சை அறைத் துணிக்கு எவ்வளவு சூடு வைக்கணும்?" என்று என்னிடம் கேட்கிறாள். சொன்னேன். சொல்லாமல் விட்டால் நோயாளிக்கல்லவா கேடு.

செப்டம்பர் 25, புதன்

எனக்கு விடுமுறை. சுண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். கணினி திறந்திருந்தது. படித்தேன்.

கட்டுரை முழுக்க நான். அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஐந்து வயதில் அவள் என்னிடம் வந்தது, சோப்பு அரித்த என் விரல்கள், எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தாள். பெருமையாகக்கூட இருந்தது. பிறகு இது:

"பள்ளிப் படிவத்தில் ‘பாதுகாவலரின் கல்வி’ என்ற கட்டம் வரும்போது அத்தை என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிடுவார். பதின்மூன்று வயதில் ஒருமுறை திரும்பி வந்ததும் எட்டிப் பார்த்தேன். ‘பட்டப்படிப்பு’ என்று எழுதியிருந்தார். அத்தை படித்தது ஐந்தாம் வகுப்பு. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும், அவர் சொல்வதற்கு முன்பே நான் தண்ணீர் எடுக்கப் போனேன்."

ஓரத்தில் எழுத்தாளரின் கேள்வி: "அத்தை அந்தத் தண்ணீரைக் குடித்தாரா?"

என்ன திமிர்! என்னைக் கூண்டில் ஏற்றி நிறுத்தி, தாகம் எடுத்ததா என்று கேட்கிறார்கள். முதல் வருடம் அத்தனை பெற்றோர் நடுவில் குமாஸ்தா சத்தமாகக் கேட்டான், "என்ன படிச்சிருக்கீங்க?" சட்டென்று வாயில் வந்துவிட்டது. வந்ததை எப்படித் திரும்ப விழுங்குவது? அடுத்த வருடமும் அதையே எழுத வேண்டியதாயிற்று.

பத்தியை அழித்தேன். அந்த இடத்தில் ஒழுக்கம் பற்றி, உழைப்பு பற்றி, நல்லதாக ஏழு வரி எழுதினேன். பிழை ஒன்றுகூட இல்லை.

செப்டம்பர் 26

சுண்டு ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லை போலும்.

செப்டம்பர் 28, சனி

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, உள்ளே அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பத்தி உன்னோடது இல்லியே. யார் எழுதினது?" என்றார் எழுத்தாளர்.

"நான்தான் மேடம்."

"யோசிச்சுச் சொல்லு."

"நான்தான்."

"அப்படின்னா என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா. உன் பழைய பத்தியத் திரும்ப வை, இல்லன்னா யார் எழுதினதுன்னு சொல்லு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன்."

பாத்திரம் தேய்ந்துபோகும் அளவுக்குத் தேய்த்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு அடி தூரம். போகவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

மடிக்கிறவள் ஒருத்தி கறை போகாத விரிப்பைக் கறை உள்ளே போகும்படி மடித்து அடுக்கியிருந்தாள். எல்லார் முன்னாலும் கத்தினேன். "உள்ள வச்சு மடிச்சா கறை போயிடுமா? விரிக்கிறவ கண்ணுல படாதா?" அவள் அழுதாள். அந்த விரிப்பை நானே எடுத்துப்போய் மறுபடி ஊறவைத்தேன்.

அக்டோபர் 3

அவளுக்கு ஏன் பழைய பத்தியைத் திரும்ப வைக்கத் தெரியவில்லை? கணினியில் அழித்ததையெல்லாம் மீட்கலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தானே.

தெரியும். தெரிந்தும் வைக்கவில்லை.

அக்டோபர் 5, சனி

விண்ணப்பங்களின் முதல் சுற்று மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. அவள் எட்டாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்ட கல்லூரி முதல் சுற்றில் மட்டும்தான் ஆள் எடுக்கும். ஐந்து அடித்தபோது சுண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் புடவையை உதறி, ஓரம் ஓரமாக இழுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே.

நான் வாய் திறக்கவில்லை. என்ன மனுஷி நான்? ஒரு வாரம். ஏழு நாளும் இந்த வாயில் சோறு போனது, சொல் மட்டும் வரவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுத்தாளருக்குக் கடிதம். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் என் கஷ்டங்களே நிறைந்திருந்தன. இரண்டாவதில் அவரைத் திட்டியிருந்தேன். மூன்றாவது அழகாக இருந்தது, அதனாலேயே பொய்யாக இருந்தது. கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்:

"அழித்தது நான். ஏழு வரி எழுதியதும் நான். அவளுக்குத் தெரிந்திருந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்கள் கேட்டிருந்த கேள்விக்குப் பதில்: குடிக்கவில்லை. ஒருமுறைகூட. அவள் கொண்டுவந்து வைப்பாள், படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன்."

அக்டோபர் 9

பதில் வந்தது. ஒரே வரி. "இதை அவளிடம் சொல்லிவிட்டீர்களா?"

மறுபடியும் கேள்வி! இந்த அம்மாளுக்கு முற்றுப்புள்ளியே வைக்கத் தெரியாதா?

அக்டோபர் 10, வியாழன்

சொன்னேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று.

"அன்னிக்கே தெரியும் அத்தை. ஏழு வரில மூணு தடவை ‘ஒழுக்கம்’. நம்ம வீட்ல வேற யாரு அந்த வார்த்தைய சொல்லுவா?"

"அப்புறம் ஏன்டி நீதான்னு சொன்ன?"

"நான் உங்களக் கேக்காம எழுதிட்டேன். அது உங்க விஷயமும்தானே. உங்களுக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்னு நெனச்சேன்." பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, குரல் மாறி, "ஆனா அஞ்சாந்தேதி சாயங்காலம் வரைக்கும் நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

போய்விட்டாள். அடித்திருந்தால்கூட வலித்திருக்காது.

"அந்தப் பத்திய வச்சுக்கோ" என்று மூடிய கதவிடம் சொன்னேன். இரவு சாப்பிடும்போது அவளிடமே சொன்னேன். தலையாட்டினாள். சிரிக்கவில்லை.

நவம்பர் 16, சனி

எழுத்தாளர் நேற்று கையெழுத்துப் போட்டார். இது இரண்டாம் சுற்று, வேறு கல்லூரிகள். சுண்டு அந்த முதல் கல்லூரியின் பெயரை இந்த வீட்டில் உச்சரிப்பதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை.

பாதுகாவலர் நிரப்ப வேண்டிய தாளை மேசையில் வைத்தாள். பெயர், முகவரி, வேலை. அடுத்து அந்தக் கட்டம். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எங்க போற?"

"தண்ணி..."

"உக்காரு. எனக்குத் தாகமில்ல."

உட்கார்ந்தாள். பேனா இரண்டு முறை வழுக்கியது. ஐந்தாம் வகுப்பு என்று எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினேன். எடுத்துப் பார்த்தாள்.

"எழுத்து கோணலா இருக்கு, அத்தை."

"அஞ்சாங்கிளாஸ் எழுத்து அப்படித்தான் இருக்கும்" என்றேன்.