வலக்கைக்கு மாற்றிய கியர்

மே 12, செவ்வாய். ஹேர்னிங், டென்மார்க்

காற்று. மழை விட்டு விட்டு. தங்கச்சி சுகந்தியின் பெட்டி வந்துவிட்டது: அவள் சைக்கிளுக்கு மின்சாரக் கியர். இழுக்கிற கம்பி இல்லை. பொத்தானைத் தொட்டால் சின்ன மோட்டார் செயினைத் தள்ளும். குசினி மேசை முழுக்க வயர், பற்றரி. சமையல் அடுப்போரமாக.

தங்கச்சிக்கு இடக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும்தான். மிச்சத்தைச் சின்ன வயதில் ஊரில் விழுந்த ஷெல் கொண்டுபோனது. பிரேக் இரண்டும் முன்னமே வலக்கைக்கு மாற்றியாயிற்று. ஆனால் முன் கியரை மாற்றும் பிடி இடப்பக்கம். அவளால் தள்ள முடியாது. ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டுவாள். சைக்கிள் கிளப்காரர் மேலே காத்து நிற்பார்கள். அந்தக் காத்து நிற்பதுதான் அவளுக்குப் பிடிக்காது.

என் யோசனை: இடக்கைப் பொத்தான்களைக் கழற்றி, வயரை நீட்டி, வலக்கைப் பெருவிரலுக்குப் பக்கத்தில் பூட்டுவது. கிளப் மெக்கானிக் யென்ஸ் போனில் எச்சரித்தார், வயரை வெட்டினால் உத்தரவாதம் போய்விடுமாம்.

"வெட்டு அக்கா," என்றாள் சுகந்தி.

அம்மாவிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. அவ வன்னியில், போருக்குள். அங்கே எந்த போன் இலக்கமும் வேலை செய்யவில்லை.

மே 16, சனி

வெட்டினேன். பாக்டரியில் காது கேட்கும் கருவிகளுக்கு மயிர் போன்ற வயர்களில் நாள் முழுக்க ஈயம் உருக்கி ஒட்டுகிறவள் நான். இதற்கு மூன்று தரம் அளந்தேன்.

பொத்தானை அழுத்த, ஸ்ஸிக். முன் கியர் நகர்ந்தது! இருவரும் கத்தினோம். பிறகு அவள் கான்டிலைப் பிடித்து முன் சக்கரத்தை முழுக்கத் திருப்ப, டக். ஈயம் விட்டுவிட்டது. வயரில் தொய்வு வைக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து.

மே 18, திங்கள்

ஊரில் போர் முடிந்துவிட்டதாம். டிவியில் காட்டினார்கள். யார் மிஞ்சியது, யாருக்கும் தெரியாது. பாக்டரி இடைவேளையில் பியர்த்த என்கிற பக்கத்து மேசைக்காரி, "இனிச் சமாதானம்தானே, சந்தோஷமா?" என்று டேனிஷில் கேட்டாள். நல்ல மனுஷி. கழிப்பறையில் போய் நின்றேன்.

மே 20, புதன்

வயர் திரும்பவும். இந்தத் தரம் தாராளமாக நீளம் விட்டு, கான்டிலோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றினேன். இடம், வலம், முழுத் திருப்பம். விடவில்லை. சுகந்தி தரையில் இருந்து பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மே 23, சனி

எங்கள் ஆட்கள் கூடும் மண்டபத்தில், போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. மெழுகுதிரி, அழுகை. சுகந்தி நாளைக்குக் கிளப் சைக்கிள் ஓட்டத்துக்குப் போகிறாள் என்று எப்படியோ கதை பரவிவிட்டது. ஒரு அன்ரி நேரேயே கேட்டா: "இந்த நேரத்திலை சைக்கிளோ பிள்ளை?"

வரும் வழியில் காரில் நானும் அவளிடம் சொன்னேன், "இந்த முறை விடுவமே."

"நான் வீட்டிலை இருந்தா அம்மா கிடைச்சிடுவாவோ அக்கா? எனக்கு மூச்சு முட்டுது. ஓடத்தான் வேணும்."

சரி என்றேன்.

மே 24, ஞாயிறு

வெயில்! வைலே ஊருக்குப் பக்கத்து ஏற்றம். டென்மார்க்கில் அதை மலை என்றே சொல்லலாம். நான் உச்சியில் காரோடு. வயர், வயர் என்றே நினைப்பு. ஒவ்வொருவராக வந்தார்கள். அவளைக் காணோம்.

பிறகு வளைவில் மஞ்சள் ஜாக்கெட். இருக்கையில் இருந்தபடியே, முன் கியரைச் சின்னப் பல்லுக்கு மாற்றி, மெதுவாக. இறங்கவில்லை! கடைசிதான். ஆனால் பெடல் நிற்கவில்லை. முகம் முழுக்கக் கண்ணீரா வியர்வையா தெரியாது.

யென்ஸ் குனிந்து நான் ஈயம் வைத்த ஒட்டைப் பார்த்தார். அடுத்த கிழமை கடைக்கு வந்து தனக்கும் காட்டித்தரச் சொன்னார். நான் பெருமைப்பட்டேன். எழுதி வைக்கிறேன்: பெருமைப்பட்டேன்.

மே 27, புதன்

வேலைக்கு வெளிக்கிட, போன். தெரியாத இலக்கம். அம்மா!! வவுனியா அகதி முகாமில், யாரோ ஒருவரின் போன்.

"கனக்கக் கதைக்கேலாது பிள்ளை. இருக்கிறன். சின்னவள் எங்கை?"

"வேலைக்குப் போயிட்டாள் அம்மா. அம்மா, அவள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலை மலை ஏறினவள். இறங்கவே இல்லை." எத்தனையோ கேட்க இருக்க, வாயில் வந்தது அதுதான்.

போனில் இரைச்சல்தான். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அம்மா பக்கத்தில் யாருக்கோ சொல்வது கேட்டது:

"என்ரை சின்னவள் சைக்கிளிலை மலை ஏறினவளாம்."