தகர டப்பா கிளம்பிடுச்சு

ஏங்க,

நம்ம குட்டி பிரெஞ்சு கார் ஓடுதுங்க! நீங்க அசந்து தூங்கினீங்க, எழுப்ப மனசு வரல. சாவியைத் திருப்பினதும் ரெண்டு இருமல் இருமிட்டு, தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பிச்சிடுச்சு. தகர டப்பான்னு சொன்னீங்களே, அதுலதான் உங்கம்மாவை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரப் போறேன். அவங்க காலை நீட்டி உட்காரட்டும்னு முன்சீட்டைப் பின்னால தள்ளிப் போட்டிருக்கேன்.

நீங்க வரச்சொன்ன பழைய இரும்புக்காரர் வருவார். எடைக்குப் போட ஒண்ணும் இல்லன்னு காபி கொடுத்து அனுப்பிடுங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்.

பி.கு.: நேத்து கார் கதவை அறைஞ்சு சாத்தினது பாதிதான் கோபம். மீதி, பூட்டு விழுதான்னு பார்த்தேன். விழுது.

இன்னொண்ணு: சாயங்காலம் மூணு பேரும் ஒரு சுத்து போகலாமான்னு உங்கம்மாகிட்ட போன்ல கேட்டேன். "போலாம், அவன் பின்னாடி மடங்கி உட்காரட்டும்"னாங்க.