ரிப்போர்ட்டிலிருந்து நான் எடுத்த வரி

இன்று காலை இரும்புலியூரில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் அப்போதுதான் வந்திறங்கிய அட்டைப்பெட்டியைக் கத்தியால் கீறித் திறந்தார். பழுப்பு அட்டை, டேப்பின் பசை, உள்ளிருந்து மருந்துத் தூளின் லேசான கசப்பு, எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. சீட்டை நீட்டவேண்டிய கையை நீட்டாமலே நின்றுவிட்டேன். பெருங்களத்தூர் குடோனில் நாம் இருவரும் மாதக்கணக்காகச் சுவாசித்த காற்று அது. நீ போன பிறகு அந்த வாசனை என் மூக்கில் ஏறியது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றுவட்டார மருந்துக் கடைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்பும் கம்பெனி அது. நோட்டிலும் ஞாபகத்திலும் ஓடிக்கொண்டிருந்த வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச்சொல்லி நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் புராஜெக்ட் மேனேஜர். எது எந்தத் தேதிக்குள் முடியவேண்டும் என்பது என் கவலை. நீ பிசினஸ் அனலிஸ்ட். அங்கே வேலை நிஜமாக எப்படி நடக்கிறது, புதிய முறை அதற்குப் பொருந்துமா என்பது உன் கவலை. ஒரே வயது, ஒரே கம்பெனி. தினமும் காலையில் தாம்பரத்தில் உன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொள்வேன். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் நீ திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே ஓட்டுவாய். "ரோட்டைப் பாருடி" என்று நான் கத்தாத நாள் இல்லை.

முதல் வாரத்திலேயே நான் ஒரு படம் வரைந்துவிட்டேன். ஆர்டர் வருகிறது, மருந்தை எடுக்கிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள். மூன்று கட்டம், இரண்டு அம்புக்குறி. குடோன் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நீ மட்டும் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு மாலு. இந்த குடோன்தான் இதுல இல்ல" என்றாய்.

பிறகு நீ போய் போன் எடுக்கும் இடத்தில் ஒரு காலி பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய். அங்கே ஸ்டெல்லா அக்கா இருந்தார். கடைகளிலிருந்து வரும் போனையெல்லாம் இருபது வருஷமாக எடுப்பவர். நீ கேட்டதற்கெல்லாம் முதலில் "ஒண்ணும் இல்லம்மா, போன் வரும், எழுதிக்குவேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ விடவில்லை. அவரோடு சாப்பிட்டாய், அவர் மகளுக்கு வரன் பார்த்த கதையெல்லாம் கேட்டாய். வாட்ச்மேன் உனக்குக் 'கேள்வி மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் ஸ்டெல்லா அக்கா மெதுவாக உன்னிடம் கேட்டாராம்.

"நான் பண்றத எல்லாம் சொல்லிட்டா, அத்தயும் மிஷின்ல போட்டுகினு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவீங்கதானே?"

நீ அவருக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அவரைக் கையோடு முதலாளி அறைக்குக் கூட்டிப்போனாய். அக்காவின் எதிரிலேயே முதலாளியிடம் அதே கேள்வியைக் கேட்டாய். முதலாளி திகைத்துப்போய், "ஸ்டெல்லா இல்லாம இங்க எப்படிம்மா?" என்றார். அதற்குப் பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார்.

அவசர ஆர்டர்கள் என்று ஒரு உலகமே அவர் தலைக்குள் இருந்தது. ஏதோ ஒரு கடையில் நோயாளி காத்து நிற்பார், மருந்து இருக்காது. கடைக்காரர் போன் செய்வார். எந்த வண்டி இப்போது எந்தப் பக்கம் போகிறது என்று அக்காவுக்குத் தெரியும். டிரைவரைக் கூப்பிட்டு, வழியில் இருக்கும் இன்னொரு கடையிலிருந்தாவது வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கவைப்பார். இதில் ஒன்றுகூட எங்கும் எழுதப்பட்டதில்லை. என் மூன்று கட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. புதிய முறையில், காலை பதினொரு மணிக்கு மேல் வரும் ஆர்டர் மறுநாள் வண்டிக்குத்தான் போகும்.

"தீபாவளிக்கு முன்னாடி ஆரம்பிக்காத" என்றாய் நீ. "ஐப்பசி மழை. முடிச்சூர்ல எங்க தெருவுல தண்ணி நின்னா யாரும் தாம்பரம் வரைக்கும் போய் மருந்து வாங்க முடியாது. பக்கத்துக் கடையத்தான் நம்பி இருப்பாங்க. அந்தக் கடை ஸ்டெல்லா அக்காவ நம்பி இருக்கு. பொங்கல் தாண்டட்டும்."

ரிப்போர்ட்டில் அதை ஒரு வரியாக எழுதி, பக்கத்தில் சிவப்புப் புள்ளியும் வைத்து எனக்கு அனுப்பினாய். தீபாவளிக்கு முன்பே ஆரம்பிப்பதாகத் தேதியை முதலாளி எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். என் மேலதிகாரியும் சொல்லிவிட்டிருந்தார். அந்த வரி முதலாளி கைக்குப் போனால் கேள்வி வரும், தேதி தள்ளும், என் பெயர் கெடும். நான் அந்த வரியை எடுத்துவிட்டு ரிப்போர்ட்டை அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அது பொய்யாகத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

ஆரம்பித்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஸ்டெல்லா அக்கா ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அதன் வயர் நீள்கிற மட்டும் நீண்டு நின்றது.

"இன்னா மேடம் இது! முடிச்சூர் கடையில ஒரு கொயந்தைக்கு வலிப்பு மருந்து தீந்துபோச்சாம். அம்மாக்காரி அங்கியே நின்னுகினு கீது. இந்த மிஷின் நாளைக்குதான் அனுப்புவேங்குது. டிரைவருங்களும் லிஸ்ட்ல இல்லாத எடத்துக்குப் போவ மாட்டேங்கிறானுங்க. கேட்ல பாஸ் இல்லாம ஒரு பாட்டில விட மாட்டேங்கிறாங்க!"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதை மீற வழியே இல்லாமல் நானே பார்த்துப் பார்த்துக் கட்டிய விதி அது. என் விரல்கள் கீபோர்டின் மேல் சும்மா கிடந்தன. நீ எழுந்து அலமாரியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தாய். வாட்ச்மேன் நோட்டில் உன் பெயரைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாய். பாட்டிலை டிபன் டப்பாவுக்குள் வைத்து ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டாய். கடைசி இரண்டு தெருவை முழங்கால் தண்ணீரில் நடந்து கடந்ததாக அந்தக் கடைக்காரர் போனில் சொன்னார். நீ சொல்லவில்லை. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்து நின்று, "குழந்தைக்குக் குடுத்தாச்சு. எனக்கு மொளகா பஜ்ஜி வேணும்" என்றாய். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை கூட்டம். முதலாளி மேஜையைத் தட்டினார். "இவ்ளோ பெரிய விஷயத்த ஏன் யாருமே முன்னாடி சொல்லல?" என்று கேட்டு உன்னைத்தான் பார்த்தார். அதைக் கண்டுபிடிக்கவேண்டிய வேலை உன்னுடையது அல்லவா? நீ ஒரு கணம் பேசாமல் இருந்தாய். நானும் பேசாமல் இருந்தேன். அந்த ஒரு கணம் எனக்கு இன்னும் முடியவில்லை.

பிறகு நீ, "சார், நாங்க ரெண்டு பேருமே இத இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாய். என் பழியில் பாதியை நீ தூக்கிக்கொள்ளப் போகிறாய் என்பது புரிந்ததும் என் நாக்கு விடுபட்டது.

"இல்ல சார். அவ எழுதிக் குடுத்தா. நான்தான் அந்த வரிய எடுத்தேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானேம்மா நான் ஆரம்பிக்கச் சொன்னேன்" என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை.

அன்றே போன் ஆர்டர்களைப் பழைய முறைக்குத் திருப்பினோம். மழை முடியும் வரை ஸ்டெல்லா அக்காவின் நோட்டுதான் ராஜா. மார்கழி முழுக்க நீயும் அவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவசர ஆர்டருக்குத் திரையில் பெரிய சிவப்பு பட்டன் வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். "பட்டன்லாம் வேணாம்மா. யாருக்காவ கேக்குறாங்கன்னு எழுத ஒரு எடம் குடு. ஆளு தெரிஞ்சாத்தான் டிரைவரு ஓடுவான்" என்றார் அக்கா. அப்படியே செய்தோம். பொங்கலுக்குப் பிறகு போன் ஆர்டர்களும் கம்ப்யூட்டருக்கு மாறின, சத்தமே இல்லாமல். இப்போது அக்கா புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லித்தருகிறாராம். "நானும் அந்த பொண்ணும் போட்டது" என்று உன்னைத்தான் சொல்கிறாராம்.

உனக்கு உடம்பு முடியாமல் போனபோது உன் முடிச்சூர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை வருவேன். தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி, என் புது வேலையைப் பற்றி விடாமல் கேட்பாய். ஒருநாள் தைரியம் வந்து நான் கேட்டேன்.

"அந்த வரிய எடுத்தது உனக்கு எப்ப தெரியும்?"

"நீ அனுப்பின அன்னிக்கே. எனக்கும் காப்பி வந்துச்சே, லூசு."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"கோவம்தான். பயங்கரக் கோவம். கேட்டா சாரி சொல்லுவ, எனக்கு சாரி வேணாம். நீயா சொல்றியான்னு பாத்துகிட்டு இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "ஆனா நானும் தப்புதான் மாலு. அன்னிக்கே உன்கிட்ட சண்டை போட்டிருக்கணும். உன்னைச் சோதிக்கறதுக்காக யாரோ ஒரு குழந்தைய மருந்து இல்லாம தவிக்க வெச்சுட்டேன்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்பும் பின்பும் நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை. நீ உடனே பேச்சை மாற்றி, என் புடவைக் கலரைக் கிண்டல் செய்யத் தொடங்கிவிட்டாய்.

நீ போய் இரண்டு மழை ஆகிவிட்டது. இப்போது நான் பள்ளிக்கூட வேன்கள் ஓட்டும் ஒரு கம்பெனியின் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பெரிய கூட்டம். வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். "எல்லாம் ஸ்மூத்தா போகுதுல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் காபி வந்துவிடும்.

"இல்ல சார்" என்றேன். "டிரைவர்கள் இன்னும் தயாரா இல்ல. அவங்ககிட்ட நான் சரியா கேக்கல. எனக்கு இன்னும் ஒரு மாசம் வேணும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் என் குரலைக் கவனித்தேன். அது நடுங்கவே இல்லை.